பிடுங்கிய பயிரோடு வாருங்கள்: ஒரு தொழிற்கூடலைத் தொடங்கி நடத்திய அனுபவம்

விவசாயப் போதனாசிரியர் வேலை என்பது நாள் முழுக்கச் சனங்களோடு நிற்கிற வேலை. ஆனாலும் அதே வேலையைச் செய்யும் இன்னொருவரை வயலில் வைத்துக் காண்பது அரிது. ஆளுக்கொரு பிரிவு, ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். மாதக் கூட்டத்தில் சந்திக்கிறோம். இலக்கு, முன்னேற்றம், விதைநெல், அடுத்த மாத நிகழ்ச்சித்திட்டம் என்று நேரம் போய்விடும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் செய்கிற வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒருவர் கண்டுபிடித்த நல்ல வழி, மட்டக்களப்பு வாவியின் மறுகரையில் அதே பிரச்சினையோடு மல்லுக்கட்டுகிறவருக்குத் தெரியாமலே ஒரு போகம் முடிந்துவிடும். இடமாற்றம் வந்தால் ஒருவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடேயே போய்விடும்.

இந்த இழப்பு என்னை மிகவும் உறுத்தியது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேலை செய்யும் சக உத்தியோகத்தர்கள் சிலரைச் சேர்த்துக் கூடல் ஒன்றைத் தொடங்கியது அதனால்தான். சில வருடங்களாக அது நடக்கிறது. பொதுச் சுகாதாரத்திலும் முன்பள்ளிகளிலும் வேலை செய்யும் தோழிகள், தங்கள் வேலைக்கும் இப்படி ஒன்று வேண்டும், எப்படித் தொடங்குவது, எப்படிக் கொண்டு நடத்துவது என்று கேட்கிறார்கள். அவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

முந்திய தலைமுறை உத்தியோகத்தர்களுக்குக் கூடிக்கொள்ள ஓர் ஏற்பாடு இருந்தது. 1970களின் இறுதியில் உலக வங்கியின் துணையோடு வந்த, விவசாயிகளுக்கு ஆலோசனை கொண்டுபோகும் விரிவாக்க முறையில், கே.வி.எஸ். என்று எல்லாரும் அழைத்த ஊர்மட்ட உத்தியோகத்தர்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பயிற்சிக்கு வருவார்கள். சேதி மேலிருந்து கீழே மட்டும் வந்தது என்ற குறை அந்த முறைக்கு உண்டு. என்றாலும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள் தவறாமல் ஓரிடத்தில் கூடினார்கள். 1980களின் கடைசியில் கே.வி.எஸ். உத்தியோகத்தர்களைக் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றியதோடு அந்த அடுக்கே இல்லாமல் போனது. ஓய்வுபெற்ற பெரியவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், தேத்தண்ணி நேரத்தில் பக்கத்துப் பிரிவுக்காரர் சொன்ன விடயத்தைத்தான் இன்றைக்கும் எடுத்துச் சொல்வார்கள்.

தேத்தண்ணி நேரத்துக் கதைக்கு இருக்கும் வலுவை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் செரொக்ஸ் நிறுவனத்தின் போட்டோகொப்பி இயந்திரங்களைத் திருத்துகிறவர்களோடு ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் 1980களில் கூடவே திரிந்தார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் தீர்த்தது, கூடியிருந்து சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் சொன்ன கதைகளால் என்று கண்டார். 1991இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் மெக்சிக்கோவின் யுகட்டான் பகுதி மருத்துவிச்சிகள், லைபீரியாவின் தையற்காரர்கள் போன்றோர் தொழில் பழகும் விதத்தை வைத்து இத்தகைய குழுக்களைப் பற்றி எழுதினார்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரு விடயம், ஒருவரையொருவர் நம்பிப் பழகும் ஆட்கள், கையால் செய்யும் தொழில் என்று மூன்றும் சேர்ந்தால்தான் இது நிற்கும் என்பது வெங்கர் பின்னாளில் வகுத்துச் சொன்னது. நான் கண்டமட்டில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் இழுத்து வருகிறது. வருகிற ஒருவர் வயலிலிருந்து ஒரு பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், எதைப் பற்றிக் கதைப்பது, யார் முதலில் கதைப்பது என்ற சங்கடம் இருக்காது.

முதற் கூடலுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுக் கடிதம் அனுப்பி ஆட்களைக் கூட்டினால் இன்னொரு கூட்டம்தான் கிடைக்கும். யாரையெல்லாம் கூப்பிட நினைக்கிறீர்களோ, அவர்களிடம் தனித்தனியே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன போகத்தில விவசாயி கேட்டு, உங்களால நம்பிப் பதில் சொல்ல முடியாமப் போன கேள்வி எது?" இதைத் தொலைபேசியில் கேட்க வேண்டாம். நேரே போய், அவருடைய இடத்தில் வைத்துக் கேட்டால்தான் மனந்திறந்து சொல்வார்கள். நான் கேட்டபோது வந்த பதில்கள் வேறுவேறு மாதிரித் தோன்றினாலும் அடியில் ஒன்றாகவே இருந்தன: இலை மஞ்சளாகிறது, காய்கிறது, சுருள்கிறது, அது நோயா, பூச்சியா, மண்ணின் குறையா, உவரா என்று வயலில் நின்றபடி பிரித்தறிய முடியவில்லை. அதுவே எங்கள் கூடலின் விடயமானது. 'விவசாயத்தை மேம்படுத்தல்' போன்ற பெரிய பெயர்களை வைத்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் எதையும் கொண்டுவர மாட்டார்கள். விடயம் சிறியதாகவும் வலிக்கிறதாகவும் இருக்க வேண்டும்.

ஆட்களைச் சேர்க்கும்போது திணைக்களச் சுவரைத் தாண்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு வட்டையைப் பல திணைக்களங்கள் பார்க்கின்றன. போதனாசிரியர் விவசாயத் திணைக்களத்தில். ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர் கமநல சேவை நிலையத்தில். குளத்துத் தண்ணீரைத் திறக்கிறவர் நீர்ப்பாசனத்தில். நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் பூச்சியான அறக்கொட்டியான் பரவிய வயலில் தண்ணீரை வடிக்கச் சொல்லிவிட்டு, வாய்க்காலில் முறைத்தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தால் சொன்ன ஆலோசனையால் என்ன பயன்? ஆறேழு பேரோடு தொடங்குவது போதும். எல்லாரும் ஒரே அளவு ஈடுபடுவார்கள் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். நடுவில் நின்று இழுக்கும் நாலு பேர், வரும்போது நன்றாகப் பங்கெடுக்கும் சிலர், ஓரத்தில் இருந்து கேட்டுக்கொள்ளும் பலர் என்ற அமைப்பு எங்கும் உள்ளதுதான். ஓரத்தில் இருப்பவரை அக்கறையில்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். கேட்டுக்கொண்டு போய்த் தன் பிரிவில் செய்து பார்க்கிறவர் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

மேலதிகாரியிடம் நான் பணம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு முற்பகலை எங்கள் முன்கூட்டிய நிகழ்ச்சித்திட்டத்தில் எழுத அனுமதி கேட்டேன். இதன் பயன், கள உத்தியோகத்தராக இருந்தவர்களுக்குத்தான் விளங்கும். நிகழ்ச்சித்திட்டத்தில் இருந்தால் அது கடமை, போகிற வழியில் யாரும் மறித்து "எங்கே நிற்கிறீங்கள்?" என்று கேட்டால் ஒளிக்கத் தேவையில்லை. பணம் கேட்டிருந்தால் அதற்கு அறிக்கை, படம், ஒப்பத்தாள் எல்லாம் வந்திருக்கும். ஒப்பத்தாளில் நான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதை நீட்டிய அந்த நிமிடத்திலிருந்து ஆட்கள் அதற்காக வரத் தொடங்குவார்கள். பதிலாக, ஒவ்வொரு கூடலின் பின்னும் அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு மேலே போகும்: என்ன பிரச்சினை வந்தது, என்ன முடிவெடுத்தோம், எந்த வட்டையில் செய்து பார்க்கப் போகிறோம். தேத்தண்ணியும் வாய்ப்பனும் எங்கள் கைக்காசு.

மேலதிகாரி கூடலுக்கு வரலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. வரலாம். ஆனால் அவரும் ஒரு பிரச்சினையோடு வரட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில், நம் வருடாந்த மதிப்பீட்டை எழுதுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தால் வாய் திறக்குமா?

இடத்தையும் நாளையும் வேளாண்மைக் காலந்தான் முடிவு செய்தது. பெரும்போகத்தில் விதைப்பு நெருக்கடியான ஒக்ரோபரிலும், கதிர் அறுக்கிற மாசி மாதத்திலும் கூடல் வைத்தால் வர மாட்டார்கள், வரச்சொல்வதும் நியாயமில்லை. பயிர் மட்டம் பெயர்வதிலிருந்து (பக்கக் கிளை விடுவதிலிருந்து) கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவம் வரையுள்ள காலம்தான் எங்களுக்கு உயிர். அப்போது மாதம் இருமுறைகூடக் கூடுவோம். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் பாயும் பகுதிகளில் மட்டும்தான் வெள்ளாமை என்பதால் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் பக்கங்களுக்குப் போவோம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கினால் இடைவெளி. வெள்ளிக்கிழமை இல்லை, ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் காலையிலேயே முடித்துவிடுவோம். பெண் உத்தியோகத்தர்கள் எல்லாரிடமும் மோட்டார் சைக்கிள் இல்லை. பஸ் போகிற தெருவிலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் வயல் இருக்க வேண்டும் என்பதும், ஒரு மணிக்குள் முடிய வேண்டும் என்பதும் எழுதாத சட்டம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருந்து வருகிறவர்களுக்குப் பாடு குறைந்தது. குருமண்வெளியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூர்ப் பக்கம் வருகிறவர்களுக்கோ இன்னும் நேரம் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். அலுவலக மண்டபத்தில் கூடாமல் வயல் வாடியில் அல்லது வரம்போர மருத மர நிழலில் கூடுவதற்கு ஒரே காரணம், சந்தேகம் வந்தால் எழுந்து போய் வயலைப் பார்க்கலாம் என்பதுதான்.

இனிக் கூடலின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஒருவர் ஒரு பிரச்சினையைக் கொண்டுவருவார். அதன் மாதிரி கையில் இருக்க வேண்டும்: வேரோடு பிடுங்கிய பயிர், கொஞ்சம் மண், முடிந்தால் பக்கத்தில் நின்ற நல்ல பயிர் ஒன்று. ஐந்து நிமிடம் அவர் சொல்வார். பிறகு பதினைந்து நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். ஆலோசனை கூடாது. 'மருந்தை மாத்திப் பார்க்கலாமே?' என்று கேள்விபோல வருவதும் ஆலோசனைதான், அதையும் தடுப்போம். கேள்வி தீர்ந்த பிறகே கருத்து. கடைசிச் சொல் பிரச்சினையைக் கொண்டுவந்தவருக்கு: இவ்வளவும் கேட்டபின் எதைச் செய்து பார்க்கப் போகிறார் என்று அவரே சொல்ல வேண்டும். அடுத்த கூடல் தொடங்குவது அவருடைய பதிலோடுதான்: "போனமுறை சொன்னது என்னாச்சி?"

ஒருமுறை இளம் உதவியாளர் ஒருவர், இடையிடையே வட்டமாகக் காய்ந்த வயலைப் பற்றிச் சொன்னார். அறுபது நாளைத் தாண்டிய பயிர். "ரெண்டு தரம் அடிச்சாச்சி மிஸ், கேக்குதில்ல. மூண்டாந்தரம் எதை அடிக்கிறதெண்டு விவசாயி கேட்டு நிக்கிறார்." அனுபவமுள்ள ஒருவர் உடனே மருந்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். "அண்ணன், கொஞ்சம் பொறுங்க, முதல்ல கேள்வி" என்றேன். கேள்விகள் வந்தன. முதல் முப்பது நாளில் ஏதாவது அடித்தாரா? ஆம், இலையை மடித்துக்கொண்டு தின்கிற மடிச்சுக்கட்டிப் புழுவுக்கு. ஏக்கருக்கு எத்தனை புசல் விதைத்தார்? சிபாரிசை விடக் கூட. யூரியா? ஒரேயடியாகக் கூடப் போட்டிருக்கிறார். மருந்தடித்தவர் குழாயை எங்கே பிடித்தார்? இதற்கு உதவியாளரிடம் பதில் இல்லை. எழுந்து வயலுக்குப் போனோம். அடர்ந்து நின்ற பயிரை விலக்கி, அடித்தண்டைக் கையால் தட்டி, கொப்பி மட்டையைக் கீழே பிடித்துப் பார்த்தால் மட்டை நிறைய அறக்கொட்டியான். மருந்தெல்லாம் மேல் இலையில் விழுந்திருக்கிறது. பூச்சி தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலில் சுகமாக இருக்கிறது. அதைத் தின்கிற சிலந்தி ஒன்றையும் காணவில்லை. தொடக்கத்தில் மடிச்சுக்கட்டிக்கு அடித்ததில் அவை செத்திருக்க வேண்டும்.

மூன்றாவது மருந்தின் பெயர் அன்றைக்குத் தேவைப்படவே இல்லை. தண்ணீரை வடித்து, பயிரை இடையிடையே விலக்கி வழி திறந்து, பாதித்த வட்டங்களிலும் அவற்றைச் சுற்றியும் மட்டும் அடித்தண்டில் படும்படி அடிப்பது என்று முடிவானது. அந்த உதவியாளர் அடுத்த போகத்தில் தன் பிரிவு விவசாயிகளிடம், முதல் நாற்பது நாள் மடிச்சுக்கட்டியைக் கண்டாலும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள், பயிர் தானாகத் தேறிவிடும் என்று வட்டை வட்டையாகச் சொல்லத் தொடங்கினார். அவரிடம் அந்தச் சேதி ஒரு துண்டுப் பிரசுரமாகவே முன்பும் இருந்தது. தன் கையால் கொப்பி மட்டையைப் பிடித்த பிறகுதான் அதைச் சொல்லும் உறுதி அவருக்கு வந்தது.

இந்தக் 'கேள்வி மட்டும்' நேரந்தான் நான் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்யும் முதற் கருவி. எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன். இன்னொரு உதாரணம் சுருக்கமாக: பள்ளக்காணியில் கீழ் இலைகள் நுனியிலிருந்து செம்பழுப்பாகப் புள்ளி போட்டு வந்த பயிரை ஒருவர் நோயென்று கொண்டுவந்தார். 'வயலின் எந்தப் பகுதியில்?', 'தண்ணீர் வடிகிறதா?' என்று இரண்டு கேள்வி கேட்டு, வேரைக் கழுவிப் பார்த்தபோது அது செம்மண்ணிறப் படையோடு இருந்தது. வடிகால் இல்லாத நிலத்தில் இரும்பு நஞ்சாகிற குறை அது. பங்கசுநாசினிக்குப் போகவிருந்த காசு வாய்க்கால் வெட்டப் போனது.

படம் வரைதலும் எங்களுக்கு உதவுகிறது. இந்தோனேசியாவில் அறக்கொட்டியானால் நெல் அழிந்து, 1986இல் நெல்லுக்கான 57 பூச்சிநாசினிகளை அரசு தடைசெய்த பின், 1989இல் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு விவசாயிகள் வயற்பாடசாலைகளைத் தொடங்கியது. அங்கே விவசாயிகள் பெரிய தாளில் பயிரை நடுவில் வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்பவை, மேலே வானிலை, கீழே தண்ணீர் என்று வரைவார்கள். அதே முறையைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம். கதைக்கக் கூச்சப்படுகிறவர்கள்கூடத் தாளைச் சுற்றிக் குந்தினால் பென்சிலை வாங்கி ஒரு சிலந்தியாவது போடுவார்கள். போட்டவர் அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார். அம்பாறைப் பக்கமிருந்து சிங்களம் கதைக்கிற உத்தியோகத்தர்கள் வந்த நாட்களில் பாதி வேலையை அந்தத் தாள்தான் செய்தது.

புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்களை எப்படி உள்வாங்குவது என்பதற்கு லைபீரியத் தையற்காரர்களிடம் படித்த ஒன்று கைகொடுத்தது. அங்கே பழகுகிறவர் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது போன்ற கடைசி வேலைகளில் தொடங்கி, பின்னோக்கிப் போய், கடைசியாகத்தான் வெட்டுவதற்கு வருவார். அப்படித் தொடங்குகிறவருக்கு முழு உடுப்பும் எப்படி முடிய வேண்டும் என்று முதல் நாளே தெரியும், பிழைத்தாலும் துணி வீணாகாது. நாங்களும் புதியவருக்கு முதலில் கொடுப்பது முடிவுகளை எழுதி, கூடல் கலையும் முன் எல்லாருக்கும் உரத்து வாசிக்கும் வேலையை. அடுத்து மாதிரிகளைப் படமெடுப்பது. பிறகு கேள்வி கேட்பது. பிறகுதான் சொந்தப் பிரச்சினையைக் கொண்டுவருவது. "உங்களை அறிமுகம் செய்யுங்க, ஏதாவது கதைங்க" என்று முதல் நாளே எழுப்பிவிட்டால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

எழுதி வைப்பதைப் பற்றி. கூடலுக்கு ஒரு கட்டைக் கொப்பி இருக்கிறது. ஒரு பிரச்சினைக்கு ஒரு பக்கம்: இனம், பயிரின் வயது, மண், தண்ணீர், கண்டது, கேட்ட கேள்விகளில் பிரயோசனமானவை, முடிவு, பிறகு என்ன நடந்தது. கடைசி வரியை அடுத்த கூடலில்தான் நிரப்புவோம். நிரப்பாத பக்கங்களும் உண்டு, அவற்றைக் கிழிப்பதில்லை. வட்சப் குழுவுக்கும் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, முன்னனுப்பிய செய்தி எதுவும் இல்லை. படம் போட்டால் மூன்று போட வேண்டும்: வயல் முழுவதும், ஒரு பயிர் வேரோடு, இலையின் அடிப்பக்கம் கிட்டத்தில். கூடவே இனம், வயது, கடைசியாக அடித்தது என்ன என்று எழுத்தில். குரற்பதிவு அனுப்பலாம், வாகனத்தில் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் முடிவு கிடைத்ததும் ஒருவர் அதை இரண்டு வரியில் எழுதிப் போட வேண்டும். மாதமுடிவில் அவை கொப்பிக்கு ஏறும். குழு தனியே நின்றால் சில மாதத்தில் செத்துவிடும் என்பதே என் எண்ணம். முகம் பார்த்துக் கூடுவதுதான் அதற்கு உயிர் கொடுக்கிறது.

எங்களில் யாரிடமும் பதில் இல்லாத காலமும் வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசு தடைசெய்தது. நவம்பரில் அதைத் திரும்பப் பெறும்வரை விவசாயிகளின் கோபம் முழுவதும் வயலில் நிற்கும் உத்தியோகத்தர்கள் மீதுதான் விழுந்தது. ஒரு போகத்துக்குள் யூரியாவுக்கு மாற்றுக் காட்டு என்றால் யார் காட்டுவது? அந்த மாதங்களில் கூடலில் நாங்கள் செய்தது, ஒவ்வொருவர் பிரிவிலும் விவசாயிகள் தாமாகச் செய்து பார்ப்பதைச் சேர்த்தெடுத்ததுதான். வைக்கோலைக் கொளுத்தாமல் மண்ணில் திருப்பியவர்கள், பசளைக்காகக் கிளிசிரியா மரத்து இலை போட்டவர்கள், கையிருப்பு உரத்தைப் பங்குபங்காகப் போட்டு நீட்டியவர்கள். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது என்பது எங்களுக்குப் பாடத்தில் தெரிந்ததே. அதைக் கொளுத்தாமல் விட்ட வயலையும் கொளுத்திய வயலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அப்போதுதான். அந்தக் கூடல்களின் இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். அன்றாடம் ஏச்சு வாங்கியவர்கள், தங்களைப்போல ஏச்சு வாங்கியவர்களோடு மரநிழலில் இருந்தார்கள். இதை அறிக்கையில் எழுத ஒரு கட்டமும் இல்லை. எழுதியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வேறு இடங்களிலிருந்து எடுத்த இரண்டு கருவிகள் நன்றாக வேலை செய்கின்றன. ஒன்று, வேலை தொடங்குமுன் அனுபவப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்பது. பிரித்தானிய எண்ணெய் நிறுவனமான பி.பி. 1990களில் இதை ஒழுங்காகச் செய்யத் தொடங்கியது. 2018இல் நாட்டுக்குள் வந்த படைப்புழு சோளத்தைத் தின்னத் தொடங்கியிருந்த நேரம், எங்கள் பக்கத்தில் சோளம் போட விவசாயிகள் சிலர் ஆயத்தமானார்கள். அம்பாறைப் பக்கத்தில் அதோடு ஏற்கெனவே போராடிய முஸ்லிம் அண்ணன் (நாங்கள் காக்கா என்போம்) ஒருவரை அழைத்தோம். அவர் பாடம் நடத்தவில்லை. நாங்கள் எங்கள் திட்டத்தைச் சொன்னோம், அவர் அதில் இடிக்கும் இடங்களைக் காட்டினார். புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில வை (Y) எழுத்துப் போன்ற கோடு, வால்பக்கத்தில் சதுரமாக நாலு புள்ளி என்று எல்லாரும் மனப்பாடம் செய்திருந்தோம். அவர் சொன்னது வேறு: "புழுவப் பாத்துக் கண்டுபிடிச்சா லேட்டு. விடியக்காலம போய்க் குருத்துக்குள்ள மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கா எண்டு பாருங்க." புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் மேலே அடிக்கும் மருந்து சேராது என்பதால் இந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிய உதவி.

இரண்டாவது, போகம் முடிந்ததும் நாலு கேள்வி. இது அமெரிக்க இராணுவம் பயிற்சிகளுக்குப் பின் செய்துவந்த முறை: என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்தமுறை என்ன செய்வோம். பதவி வரிசை பாராமல் எல்லாரும் பதில் சொல்வதும், ஆளைக் குற்றஞ்சாட்டாமல் நடந்ததைக் கதைப்பதும்தான் இதில் முக்கியம். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இளம்பயிரை மூடியது. தண்ணீர் வடிந்தபின் திரும்ப விதைக்க நினைத்தவர்களுக்கு நாள் மிச்சமில்லை. பி.ஜி. 250 போன்ற இரண்டரை மாத இனம் இருந்தால் செய்யலாம். விதை யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே நாட்கள் போயின. நாலாவது கேள்விக்கு எங்கள் பதில் நீளமாக இல்லை. இரண்டரை மாத இனத்து விதைநெல் எந்த ஊரில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு வருடமும் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் புதுப்பிப்பது. பெரிய அனர்த்தத் திட்டம் ஒன்றை எழுதியிருந்தால் அது அலுவலகக் கோவையில் தூங்கும். பட்டியல் எல்லாருடைய தொலைபேசியிலும் இருக்கிறது.

கூடலைக் கெடுப்பவை மூன்று என்று சொல்வேன். ஒன்று, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் ஒரு குரல். அவரை அடக்கப் பார்க்காதீர்கள். கொப்பியையும் மணிக்கூட்டையும் அவர் கையில் கொடுங்கள். நேரம் காக்கிறவர் அதிகம் கதைக்க முடியாது. இரண்டு, விற்பனைக்காரர். மருந்துக் கம்பனியின் ஆள் மதியச் சாப்பாடு தருகிறேன் என்று வருவார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஒரு பொதிச் சோறு வாங்கிச் சாப்பிட்டால் அடுத்த கூடலில் எந்த மருந்தையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. மூன்று, நடத்துகிறவரே நிரந்தரமாக நடத்துவது. என்னையே எல்லாரும் பார்க்கத் தொடங்கியபோது, போகத்துக்கு ஒருவர் என்று மாற்றினோம்.

பயன் என்ன என்று மேலே கேட்டால் வந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். ஒரு பிரச்சினை, ஒரு கூடல், ஒரு வயல், பிறகு நடந்தது என்று தொடர்ச்சியாக ஒரு கதையைச் சொல்லுங்கள். அடிக்காமல் விட்ட மருந்தின் விலையை விவசாயியிடமே கேட்டுப் போடலாம். அப்படி எழுதிய பக்கங்கள்தான் எங்களுக்கு அந்த முற்பகலைத் தொடர்ந்து வாங்கித் தந்தன.

வருகிற பெரும்போகத்துக்கு நடத்தும் பொறுப்பு, முன்பு கொப்பி மட்டையைப் பிடித்த அந்த உதவியாளருக்குப் போகிறது. நான் அவருக்குக் கொடுப்பவை: கொப்பி, வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கிற வட்டவிதானைமாரின் தொலைபேசி இலக்கங்கள், விதைநெல் பட்டியல், இன்னும் பதில் கிடைக்காத கேள்விகள் எழுதிய தாள். அந்தத் தாளில் முதலாவதாக இருப்பது, நெல்லைப்போலவே வயலில் முளைக்கும் களையான களைநெல். விதைநெல்லோடும் அறுவடை மெசினோடும் வட்டைக்கு வட்டை பரவுகிறது. விதைப்பைத் தள்ளிப்போட்டு, முளைத்ததை உழுது கொல்லலாம் என்று சொல்கிறோம், மழைக்கு முந்தி விதைக்க நிற்கும் மானாவாரிக்காரர் எப்படித் தள்ளிப்போடுவார்? கார்த்திகைக்கு முன் முதற் கூடலை அதிலேயே தொடங்கச் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் களைநெல்லையும் பக்கத்தில் நின்ற நல்ல நெல்லையும் வேரோடு கொண்டுவர வேண்டும்.